கதிர் அடித்த இரும்பும் என் மகள் கல்யாணமும்

நல்ல இரும்பைத் தட்டிப் பார்த்து வாங்குவது உலக வழக்கம், ஏற்கெனவே அடி வாங்கி நொந்துபோன இரும்பை மறுபடி ஒரு குத்துக் குத்தி, "இன்னும் எவ்வளவு தாங்குவாய்?" என்று கேட்பது எங்கள் தொழில்.

தான் பார்க்கும் வேலை இன்னதென்று சொந்தக்காரர்களுக்கு விளக்கத் தெரியாமல் கல்யாண வீடுகளில் முழித்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நீங்கள் என் கட்சி. டீச்சர் என்றால் புரியும். தையல்காரி என்றால் புரியும். நான் என்னவென்று சொல்வேன்?

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் ஒரு பழைய ஓட்டு பங்களா. அதில் சங்கரலிங்கம் சார் ஒரு சின்ன ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். பம்பாயில் அணு உலை சம்பந்தமான வேலை பார்த்துவிட்டு, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்கு வந்தவர். அணு உலைக்குள் இருக்கிற இரும்பைக் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஓயாமல் இடித்துக்கொண்டே இருக்குமாம். இடிபட இடிபட இரும்பு இறுகும். இறுகிய பிறகு வளைந்து கொடுக்காது, ஒரு நாள் பட்டென்று விரிசல் விடும். அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கப் பெரிய துண்டாக வெட்டி எடுத்தால், அதிலிருந்து வரும் கதிர் ஆளுக்கு ஆகாது. அதனால் சட்டைப் பொத்தானைவிடச் சின்ன வில்லையாக எடுத்து, நடுவில் ஒரு சிறு குண்டை வைத்து மெல்ல அழுத்தி, எப்போது கிழிகிறது என்று பார்ப்பார்கள். அந்த முறையைச் சீர்படுத்துவதுதான் சாருடைய வேலை. எங்களிடம் வந்தவை பெரும்பாலும் அடிபடாத வில்லைகள். எப்போதாவது அடிபட்ட வில்லைகளும் வரும். பல வருடம் ஆறப்போட்டு, கதிர் அடங்கிய பிறகு, ஈயப் பெட்டிக்குள் வரும்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பீடி சுற்றிக்கொண்டிருந்தவள். விரல் நடுங்காத ஆள் வேண்டும் என்று சார் தேடியபோது யாரோ என்னைக் கைகாட்டிவிட்டார்கள். விரல் நடுங்காது என்பது உண்மைதான். மனசு நடுங்குமா என்று அவர் கேட்கவில்லை. எண்பதுகளின் நடுவில், இங்கே சொல்லப்போவதெல்லாம் நடந்த சமயத்தில், என் ஒரே மகள் செல்விக்கு வரன் தேடிக்கொண்டிருந்தோம். என் வேலையால் அவள் கல்யாணம் நின்றுபோகுமோ என்பதுதான் என் பெரிய பயம். மற்றவையெல்லாம் பொடிப் பயங்கள். அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

காணாமல் போன வில்லை

வில்லையை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஒரே கனத்துக்குக் கொண்டுவருவது என் வேலை. தும்மினால் வில்லை பறந்துவிடும். பெருமூச்சு விட்டாலும் போய்விடும். நானோ பெருமூச்சு விடாமல் ஒரு பொழுதைக் கழித்தவள் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் செல்வியின் ஜாதகத்தை நினைத்துக்கொண்டு ஒரு மூச்சு விட்டேன். கையில் இருந்த வில்லையைக் காணோம்.

மிஷினைப் பார்த்துக்கொள்கிற வேலாயுதம் அண்ணாச்சி முன்பு லேத்துப் பட்டறையில் இருந்தவர். அவர் ஒரு காந்தத்தை நூலில் கட்டித் தரை முழுக்க இழுத்துக்கொண்டு போனார். ஆணி வந்தது, கொண்டை ஊசி வந்தது, வில்லை வரவில்லை. அது காந்தத்தில் ஒட்டாத ஜாதி என்று சார் அப்புறம்தான் சொன்னார். பிறகு சாரும் வேட்டியை மடித்துக்கொண்டு முழங்காலில் இறங்கினார். மூன்று பேரும் மேஜைக்கு அடியில் தவழ்ந்தோம். அழுகை முட்டிக்கொண்டு வந்து, முந்தானையால் முகத்தைத் துடைக்கப் போனேன். என் மணிக்கட்டு வேர்வையில் ஒட்டிக்கொண்டு வில்லை பளபளத்தது. அண்ணாச்சி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து சொன்னார்: "ஊர்ல உள்ளவன்லாம் தங்கத்தத் தொலைச்சிட்டுத் தேடுதான், நாம தகரத்தத் தொலைச்சிட்டுத் தேடுதோம். நல்ல பொழப்பு தாயி இது!"

எண்ணெய் தேய்த்த விருந்தாளி

எங்கள் பங்களா ஒரு காலத்தில் சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப்பட்டதாம். அந்தப் பழக்கத்தில், சாரல் தொடங்கியதும் வெளியூர்க்காரர்கள் பெட்டி படுக்கையோடு நேரே உள்ளே வந்துவிடுவார்கள். எனக்கு அந்த மாதங்களில் ஏற்கெனவே நிம்மதி கிடையாது. ஈரக்காற்றில் சாதா இரும்பு வில்லைகள் ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும். காலையில் டப்பாவைத் திறக்கவே கை வராது. இதில் ஒரு நாள், தலையிலிருந்து கால் வரை எண்ணெய் சொட்டச் சொட்ட மதுரைக்காரர் ஒருவர் அறை கேட்டு வந்து நின்றார். அருவிக்குப் போகிற வழியில் ஒதுங்கியவர்.

அறை இல்லை என்ற பிறகும் அவர் போகவில்லை. அப்போது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் உயர இரும்புச் சட்டம், அதற்குள் ஒரு கட்டை விரல் அளவுக் குழி, அதற்குள் என் வில்லை. அழுத்தம் ஏற ஏறப் பக்கத்தில் இருந்த பேனா காகிதத்தில் மலைச்சரிவு மாதிரி ஒரு கோடு போட்டுக்கொண்டே போகும். வில்லை கிழிந்ததும் கோடு தடாலென்று கீழே இறங்கும். அவர் எங்கே மேஜையில் சாய்ந்து என் வில்லைகளுக்கெல்லாம் எண்ணெய்க் குளியல் நடத்திவிடுவாரோ என்று நான் ஒரு பழைய பேப்பரை அவருக்கும் மேஜைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றேன். அரை மணி நேரம் அசையாமல் பார்த்தார். கடைசியில் கிழிந்த வில்லையை அண்ணாச்சி குறட்டில் எடுத்துக் காட்டினார். மதுரைக்காரர் அதைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், எங்கள் மூவரையும் பார்த்தார். "இத்துனூண்டு ஓட்டை போடவா இவ்வளவு பெரிய மிஷின்? ஒரு ஆணியும் சுத்தியலும் குடுங்க சார், நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள என் மச்சான் ஒரு படி ஓட்டை போட்டுத் தருவான்."

மார்பில் குத்திய பட்டை

ஈயப் பெட்டி வந்திருக்கும் நாட்களில் சேலையில் ஒரு பட்டையைக் குத்திக்கொள்ள வேண்டும். உள்ளே ஒரு சின்ன பிலிம் இருக்கும். கதிர் பட்டால் அது கறுக்கும். மாதம் ஒரு தடவை அதைப் பம்பாய்க்கு அனுப்புவோம். அவர்கள் கழுவிப் பார்த்து, எங்கள் மேல் எவ்வளவு பட்டது என்று எழுதுவார்கள். பதில் வருகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. பதில் எப்போதும் ஒன்றுதான்: ஒன்றும் இல்லை.

ஒரு நாள் அதைக் கழற்ற மறந்து பஸ் ஏறிவிட்டேன். தேர்தல் சமயம். கண்டக்டர் குனிந்து பார்த்துவிட்டு எந்தக் கட்சி என்று கேட்டார். வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டுச் சொர்ணம். நானும் பொறுமையாக பிலிம், பம்பாய், கறுப்பு எல்லாம் விளக்கினேன். அவள் வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்: "ஒண்ணும் இல்லன்னு சொல்லதுக்குப் பம்பாய் வரைக்கும் போகணுமாக்கும்? எங்கிட்டக் கேட்டா இங்கனயே சொல்லியிருப்பனே மதினி!"

புளியறையிலிருந்து வந்த தோசைக்கல்

செல்வியைப் பெண் பார்க்கப் புளியறையிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை கணேசன், அவன் அம்மா பகவதியம்மாள். செக்போஸ்ட் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை. புருஷன் போன பிறகு தனியாளாக நின்று கடையை நடத்துகிறவர், சாப்பிடாமல் போகிற லாரிக்காரர்களை அதட்டிக் கூப்பிட்டு உட்கார வைப்பவர் என்று தரகர் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை ஒரு தடவைதான் நிமிர்ந்து பார்த்தான். செல்வி இரண்டு தடவை பார்த்தாள். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. வேலையைப் பற்றி வாயைத் திறக்காதே என்று என் வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஆனால் பகவதியம்மாள் நேராகவே கேட்டார். பொய் சொல்ல வரவில்லை. "இரும்பு கெட்டுப்போயிருக்கா, நல்லாயிருக்கான்னு பாத்துச் சொல்லுத எடம்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

அடுத்த வாரம் சாக்கில் சுற்றிய தோசைக்கல் ஒன்று பஸ்ஸில் வந்து இறங்கியது. ஓரத்தில் விரிசல். கெட்டதா, நல்லதா என்று பார்த்துச் சொல்லணுமாம். எனக்கு வெட்கத்தில் உயிரே போய்விட்டது. சாருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. விரிசல் பக்கமாக ஒரு சின்ன வில்லையை வெட்டச் சொல்லி, என்னையே தேய்க்க வைத்து, மிஷினில் ஏற்றிவிட்டார். குண்டு தொட்டதுதான் தெரியும். பேனா ஏறத் தொடங்குவதற்குள் டிக்கென்று ஒரு சத்தம். வார்ப்பிரும்பு அப்படித்தான் என்று சார் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "வருசக்கணக்கா அணு இடிச்ச இரும்பே கொஞ்சம் யோசிச்சுத்தான் ஒடையுது. ஒன் சம்பந்தி கல்லு யோசிக்கவே இல்லையே தாயி!"

அணுத் தீட்டு

அந்தச் சித்திரையில், ரஷ்யா பக்கம் ஓர் அணு உலை வெடித்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். அதுவரை என் வேலையைப் பற்றித் தெருவில் யாருக்கும் அக்கறை இல்லை. மறுநாள் காலையில் குழாயடியில் என் குடத்துக்குப் பக்கத்தில் இருந்த குடங்கள் ஒரு முழம் தள்ளிப் போயின.

நான் செய்த காரியம் அதைவிட மோசம். எதற்கும் இருக்கட்டும் என்று, வேலையிலிருந்து வந்ததும் பின்வாசல் வழியாகப் போய், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பிறகு வீட்டுக்குள் நுழைய ஆரம்பித்தேன். சார் அப்படி ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. கை கழுவினால் போதும் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் மனசு கேட்கவில்லை. சாவு வீட்டுக்குப் போய்வந்தவள் மாதிரி நான் தினமும் குளிப்பதைப் பார்த்ததும் தெருவுக்குச் சந்தேகமே போய்விட்டது. தீட்டு என்று தீர்மானமாகிவிட்டது. சொர்ணம் நல்ல மனசோடுதான் கேட்டாள், சாவுத் தீட்டென்றால் பதினாறு நாள், இது எத்தனை நாளில் கழியும் என்று. ஐந்தருவியில் குளித்தால் சீக்கிரம் கழியுமா என்றும் கேட்டாள். எனக்கும் அது தெரிய வேண்டியிருந்தது. சாரிடம் போய்க் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ரொம்ப அக்கறையாகப் பதில் சொன்னார். "அது உலோகத்தைப் பொறுத்தது உலகம்மா. முழுசாக் கழியவே கழியாது, பாதி பாதியாத்தான் குறையும். சிலது ஒரே நாள்ல பாதியாகும். சிலது பாதியாகறதுக்கு ஆயிரம் வருஷம்கூட ஆகும்."

தெருவில் யாரிடமும் நான் அதைச் சொல்லவில்லை.

ஆடி கழியட்டும் என்றார்கள்

ஆனி மாதம் செல்விக்குப் பூ வைப்பதாகப் பேசியிருந்தது. பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. பிறகு யாரும் பின்வாங்க முடியாது. அதற்குள் தென்காசியிலிருந்து போன லாரிக்காரர் யாரோ பகவதியம்மாள் கடையில் சாப்பிட்டுக்கொண்டே, குற்றாலம் சாலையில் அணுகுண்டு ஆபீஸ் ஒன்று இருப்பதாகவும், அங்கே வேலை பார்க்கிற பொம்பளை தினமும் தீட்டுக் கழித்துத்தான் வீட்டுக்குள் போவதாகவும் சொல்லியிருக்கிறார். தரகர் வந்தார். காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு, ஆடி கழியட்டும், பார்க்கலாம் என்றார். நான் விடவில்லை. அப்புறம்தான் விஷயம் வந்தது: அம்மா மேல் பட்டது மகள் மேலும் பட்டிருக்குமே, நாளைக்குப் பிள்ளை குட்டி பிறக்க வேண்டாமா என்று அந்த அம்மாவுக்குப் பயமாம்.

அன்று முழுக்க நான் அடுப்பு மூட்டவில்லை. வேலையை விட்டுவிடுகிறேன், நாளைக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று அழுதேன். என் வீட்டுக்காரர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வி மட்டும் அழவில்லை. அவள் கோபம் வந்தால் பாத்திரம் கழுவுவாள். கழுவிக்கொண்டே சொன்னாள்: "நீ வேலைய விட்டேன்னு வையி, அப்போ ஊரு சொன்னது உள்ளதுதான்னு ஆயிரும். அவ்வொள நேர்ல வந்து பாக்கச் சொல்லு. தோசக்கல்ல பஸ்ஸுல ஏத்தி அனுப்பத் தெரிஞ்சவ்வொளுக்கு, அதே பஸ்ஸுல ஏறி வரத் தெரியாதாக்கும்?"

பகவதியம்மாள் வந்தார்

ஆவணி பிறந்ததும் வந்தார். தென்காசியில் கடைக்குச் சாமான் வாங்கிக்கொண்டு, ஒயர் கூடையை இடுப்பில் இடுக்கியபடி நேராக ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். செல்வியும் என்னோடு இருந்தாள். பகவதியம்மாள் உட்கார மாட்டேன் என்றார். அண்ணாச்சி வாங்கி வந்த காப்பியைத் தொடவில்லை. என்னைப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை, முறை சொல்லியும் கூப்பிடவில்லை. சார் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு விளக்க ஆரம்பித்தார். பகவதியம்மாள் கையமர்த்திவிட்டார். "படம்லாம் வேண்டாம் சார். அது இருக்கா இல்லையான்னு காட்டுத மிஷின் ஒங்ககிட்ட இருக்குமில்லா? அத இந்தப் பிள்ள மேல வச்சிக் காட்டுங்க, எங் கண்ணால பாக்கணும்."

இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போகுமுன் நாங்கள் கையை நீட்டிக் காட்டுகிற பெட்டி. கதிர் பட்டால் டிக் டிக்கென்று சத்தம் போடும். சும்மா வைத்திருந்தாலும் வானத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் வருகிறதற்கு அவ்வப்போது ஒரு டிக் உண்டு. அண்ணாச்சி அதைச் செல்வியின் தலைக்கு மேல் பிடித்தார். டிக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிக். "சொல்லுதே!" என்று பகவதியம்மாள் பின்னால் நகர்ந்தார். சார் பெட்டியை வாங்கிச் சுவரில் வைத்தார். டிக். அண்ணாச்சியின் வழுக்கைத் தலையில் வைத்தார். டிக். எனக்கு வைத்தபோது நான் மூச்சையே அடக்கிக்கொண்டேன், அதே டிக்தான். பகவதியம்மாள் முன்னால் வந்தார். "எனக்கு வையுங்க, பாப்போம். ஒண்ணும் இல்லாத ஒடம்புக்கு என்ன சொல்லுதுன்னு தெரியணுமில்லா" என்றார். சார் தலையிலிருந்து மெல்லக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார். தோள் வரைக்கும் சாதா டிக். இடுப்புக்கு வந்ததும் பெட்டி காய்ந்த எண்ணெயில் கடுகு விழுந்த மாதிரி படபடவென்று பொரியத் தொடங்கியது.

நானே எப்படியோ அவர் மேல் எதையோ ஒட்டிவிட்டேன், கல்யாணமும் போயிற்று, வேலையும் போயிற்று என்று எனக்குக் கண் இருட்டியது. சார் மட்டும் கூடையை வாங்கி ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். மஞ்சள் பொட்டலம், சத்தம் இல்லை. பப்படக் கட்டு, இல்லை. வெற்றிலை, இல்லை. அடியில் இருந்தது பெட்ரோமாக்ஸ் விளக்கில் திரியாக மாட்டுகிற மேன்டில் கட்டு. அதைத் தொட்டதும் மறுபடி பொரிந்தது. சார் சிரித்துவிட்டார். மேன்டில் வெள்ளையாக எரிய அதில் தோரியம் என்று ஒரு மண் உப்பைச் சேர்ப்பார்களாம். அதற்கு இயல்பாகவே கதிர் உண்டாம். வைத்திருப்பதால் ஒன்றும் ஆகாது, உடைந்த தூளை மூச்சில் இழுக்காமல் கை கழுவினால் போதும் என்றார். ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று அண்ணாச்சி ஈயப் பெட்டியைத் திறந்து, அந்த டிக் பெட்டியை ஆறிப்போன எங்கள் வில்லையின் பக்கம் காட்டினார். மேன்டிலுக்கு முன்னால் அது வாயைத் திறந்த மாதிரியே தெரியவில்லை.

பகவதியம்மாள் அப்போதுதான் உட்கார்ந்தார். கடையில் நாலு பெட்ரோமாக்ஸ். கரண்ட் போகாத நாள் புளியறையில் கிடையாது. சின்ன வயதிலிருந்து மேன்டில் மாட்டுவது கணேசன் வேலை. இதையெல்லாம் அவர் எங்களிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டார். பிறகு செல்வியைப் பார்த்தார். செல்வி குனிந்துகொண்டாள், சிரிப்பை மறைக்க என்று எனக்குத் தெரியும். ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பகவதியம்மாள் என் கையைப் பிடித்தார். "மதினி, இங்கன நடந்தது நமக்குள்ள இருக்கட்டும். ஒங்க தெருவுல தெரிஞ்சா எம் பிள்ளைக்கு ஒருத்தரும் பொண்ணு தர மாட்டாவ. வார வெள்ளிக்கிழமையே வந்து பூ வச்சிருதோம், வேண்டாம்னு மட்டும் சொல்லீராதீங்க."

அடிபட்ட இரும்போடு பழகியதில் எனக்கு உண்மையாகக் கிடைத்த லாபம் இதுதான்: செல்வி கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் எதற்கும் குரலை உயர்த்தவில்லை, பந்தல் முழுக்க டியூப் லைட்தான் வேண்டும் என்பதைத் தவிர.